மோட்டார் ஒண்ணு, செல் வேற

1998-ல கியாவை ஹூண்டாய் வாங்குச்சு. இருபது வருஷம் கழிச்சு, 2018-ல, அந்த ஒரே குடும்பத்திலிருந்து ரெண்டு மின்சார கிராஸ்ஓவர் வந்தது: ஹூண்டாய் கோனா, கியா நீரோ. டாப் வேரியன்ட்டுல ரெண்டுக்குமே 64 கிலோவாட் அவர் பேட்டரி, 204 குதிரைத்திறன் மோட்டார். நீரோவுக்கு வீல்பேஸ் மட்டும் 10 சென்டிமீட்டர் அதிகம், பின்சீட்டுல தாராளமா உட்காரலாம்.

ஷோரூம்ல தெரியாத வித்தியாசம் செல்லுல இருந்தது. கோனாவுக்கு எல்ஜி, நீரோவுக்கு எஸ்கே. எங்க பாஷையில சொன்னா, கோடு ஒண்ணுதான், லைப்ரரி வேற.

நிறுத்தி வச்சிருந்த கோனாக்கள் சில தானா தீப்பிடிச்சது. 2020-ல இந்தியாவுலயும் 456 கோனாக்களைச் சோதனைக்குக் கூப்பிட்டாங்க. 2021-ல உலகம் முழுக்க சுமார் 76,000 கோனாக்களுக்குப் பேட்டரியையே மாத்த முடிவாச்சு. எல்ஜியோட நான்ஜிங் ஆலை செல்களில் மடிஞ்சுபோன ஒரு மின்முனைத் துண்டு காரணமா இருக்கலாம்னு கொரிய அரசு சொன்னது; எல்ஜி அதை ஏத்துக்கல. அந்த ரீகால் பட்டியலில் நீரோ இல்லை.