இந்தியப் பேய்ப்படங்களும் பார்வையாளர் விருப்பின் மாற்றமும்

அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சுட்டுவர். பேயும் பூதமும் அணங்கினுள் அடங்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. திரைப்படம் பற்றிய கட்டுரையில் இந்நூற்பாவைக் கொணர்தல் வலிந்து பொருத்துவதாகச் சிலர்க்குத் தோன்றலாம். எனினும், பேய்ப்படம் காண வந்தோர் எதனை அஞ்ச விரும்பினர் என்பதைப் பகுத்தறிய இதனினும் எளிய அளவுகோல் பிறிதொன்று கிடைத்திலது.

மூடநம்பிக்கையில் தோய்ந்திருந்த இந்தியப் பார்வையாளர் படிப்படியாகப் பகுத்தறிவு நோக்கி நகர்ந்தனர். பேய்ப்படங்களும் அதற்கேற்பத் திருந்தின என்பது பொதுவாக நிலவும் கருத்து. படங்களைக் கால வரிசையில் வைத்து நோக்கின், நிகழ்ந்தது ஏறத்தாழ இதற்கு மறுதலையாகவே காணப்படுகிறது.

கமால் அம்ரோஹி இயக்கிப் பம்பாய் டாக்கீஸ் 1949இல் வெளியிட்ட ‘மகல்’ என்னும் இந்திப் படம் இவ்வகைக்குத் தோற்றுவாய் எனலாம். பாழ்பட்ட மாளிகைக்கு உரிமையாளனாக வரும் இளைஞன் அங்குத் தன் முகத்தையே ஒத்த பழைய ஓவியம் ஒன்றைக் காண்கிறான். இரவில் ஒரு பெண்ணின் பாட்டு கேட்கிறது. முற்பிறவிக் காதலி தானே என்கிறாள் அவள். ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் என்னும் செருமானியர் அமைத்த நிழல்களும், லதா மங்கேஷ்கரின் குரலும் அன்றைய பார்வையாளரை ஆட்கொண்டன. இறுதியிலோ அவள் பேயல்லள், மாளிகைத் தோட்டக்காரனின் மகள் என்பது வெளிப்படுகிறது. அணங்கு எனக் காட்டப்பட்டது மானுட ஏக்கமாக முடிகிறது.

அறுபதுகளில் இம்முடிவே வழக்காயிற்று. கோனன் டாயிலின் ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்’ கதையைத் தழுவிய ‘பீஸ் சால் பாத்’ (1962) இவ்வழியில் சென்றது. ராஜ் கோஸ்லாவின் ‘ஓ கௌன் தீ’ (1964) படத்தில் மழையிரவில் வெள்ளைச் சேலையுடுத்த பெண்ணொருத்தி மருத்துவனின் காரில் ஏறிக் கல்லறைத் தோட்டத்தருகே இறங்குகிறாள். நிகழ்ந்தவை யாவும் சொத்தின் பொருட்டு அவனைப் பித்தனாக்கச் செய்த சூழ்ச்சி எனப் பின்னர்த் தெரிகிறது. இப்படமே 1966இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிப்பில் ‘யார் நீ?’ எனத் தமிழில் வந்தது. தொல்காப்பியர் வகுப்பில் கூறுவதாயின், அணங்கைக் காட்டி அழைத்துக் கள்வரைக் காட்டி அனுப்பிய படங்கள் இவை. இம்முடிவைப் பகுத்தறிவின் வெற்றி என்பதினும், குடும்பத்தோடு வந்து புகழ்பெற்ற நடிகையையும் பாட்டையும் விரும்பிய பார்வையாளர்க்கு இசைந்த முடிவு என்பதே பொருந்தும். அவ்வகை நாயகியைக் கோரப்பேயாக்கி அனுப்ப எத்தயாரிப்பாளர் துணிவார்?

பேயை மெய்யாகவே கொண்ட படங்களும் அன்று இல்லாமலில்லை. பிமல் ராயின் ‘மதுமதி’ (1958), பஷீரின் எழுத்தில் வின்சென்ட் இயக்கிய மலையாளப் ‘பார்கவி நிலையம்’ (1964) ஆகியவற்றில் இறந்தவள் உண்மையாகவே மீள்கிறாள். ஆனால் அவள் வஞ்சிக்கப்பட்டவள். அவளைக் கண்டு அஞ்சுவதினும் அவளுக்காக இரங்குவதே மிகுதி.

இந்நிலையை மாற்றியவர்கள் ராம்சே உடன்பிறந்தார். தந்தை எஃப். யு. ராம்சே கராச்சியில் வானொலிக் கடை நடத்தியவர். பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்து படமெடுக்கத் தொடங்கினார். 1970இல் அவர் எடுத்த ‘ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ’ தோல்வியுற்றது. ஆயினும் பிருதிவிராஜ் கபூர் கோர முகமூடியணிந்து திருடச் செல்லும் காட்சிக்கு மட்டும் அரங்கில் ஆர்வம் எழுந்ததை மைந்தர் கண்டனர். அக்காட்சியையே முழுப்படமாக்கினால் என்ன என்னும் எண்ணத்தின் விளைவு ‘தோ கஜ் ஜமீன் கே நீசே’ (1972). பார்வையாளரின் விருப்பு ஒரு படவகையை நேரடியாகத் தோற்றுவித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. எழுவரும் இயக்கம், கதை, ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு எனத் தமக்குள் பகிர்ந்துகொண்டு குறைந்த செலவில் படங்களை முடித்தனர்.

அவர்தம் பெருவெற்றி ‘புரானா மந்திர்’ (1984). தலை துண்டிக்கப்பட்ட சாம்ரி என்னும் கொடியவன் அரச குடும்பத்தின்மீது இட்ட சாபத்தால் அக்குடிப்பெண்டிர் மகப்பேற்றில் மடிகின்றனர். தலையும் உடலும் ஒன்றுசேர, அவன் மீண்டெழுகிறான். இங்குச் சூழ்ச்சி இல்லை, விளக்கம் இல்லை. பேய் பேயே. அணங்கும் விலங்கும் ஓருருவாயின; அதனை அடக்குவது மருத்துவரோ காவலரோ அல்லர், திரிசூலமும் தீயும்.

இதனைச் சுவையின் வீழ்ச்சி எனக் கூறுதல் எளிது. நகரத் திறனாய்வாளர் பலர் அவ்வாறே புறந்தள்ளினர். ஆனால் அதே காலத்தில் வண்ணத் தொலைக்காட்சியும் ஒளிநாடாவும் நடுத்தரக் குடும்பங்களை வீட்டிலேயே இருத்திவிட்டன என்பதை மறத்தலாகாது. அரங்கு, சிறுநகர் இளைஞர்க்கு விடப்பட்டது. வயதுவந்தோர்க்கான சான்றிதழோடு வந்த இப்படங்களுக்குச் சீட்டு வாங்கியவர் அவரே. எனவே ‘மகல்’ கண்டவர் ‘புரானா மந்திர்’ விரும்புமளவு மாறினார் எனல் பிழை. இருக்கையில் அமர்ந்தவர் வேறு. 1993இல் ‘ஜீ ஹாரர் ஷோ’ என்னும் தொடர் வாயிலாக ராம்சேயினர் வீட்டுக்கூடத்தினுள் புகுந்தபோதுதான், அரங்குக்கு வாராதிருந்த குடும்பங்களும் அவர்தம் பேய்களைக் கண்டன.

அதே 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ இருசாராரையும் ஒருங்கே அமர்த்தும் வழியைக் கண்டது. மருத்துவர் அதனை மனநோய் என்கிறார். நோய் தீர்வதோ மாந்திரிகச் சடங்கின் வடிவில். நம்புவோரும் நம்பாதோரும் தத்தம் விடையோடு வீடு திரும்பலாம். கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ (2005), இந்தியில் ‘பூல் புலையா’ (2007) என அது மொழிதோறும் பெயர்ந்தமைக்கு இவ்விருமுக முடிவே காரணம் எனக் கருதுகிறேன்.

1997இல் தில்லியில் பல்திரை அரங்கு தோன்றியபின் பேய் மாளிகையை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தது. ராம் கோபால் வர்மாவின் ‘பூத்’ (2003) படத்தில் முன்பு குடியிருந்தவள் இறந்த செய்தியை மனைவியிடம் மறைத்துக் கணவன் வீடு எடுக்கிறான். பாடல்கள் இல்லை. தமிழிலும் இந்தியிலும் வந்த ‘யாவரும் நலம்’ (2009) படத்தில் பேய் தொலைக்காட்சித் தொடருக்குள் இருக்கிறது. சீட்டு வாங்குவோர் புதிதாக வீடு வாங்குவோராயிருந்த காலத்தில், பேயும் வீட்டுப் பத்திரத்தோடு வந்தது. பின்னர் ‘காஞ்சனா’ (2011) முதல் ‘ஸ்த்ரீ’ (2018) வரை நகைச்சுவை கலந்த படங்கள் குழந்தைகளோடு குடும்பங்களை மீண்டும் அரங்குக்கு அழைத்தன.

எஞ்சியது ‘தம் இறை’. இந்நான்காம் களத்தை நம் பேய்ப்படங்கள் நெடுங்காலம் பெரிதும் தொடாதிருந்தன. 2024இல் கறுப்பு வெள்ளையில் வந்த மலையாளப் ‘பிரமயுகம்’ அதனைத் தொட்டது. அடிமை வாழ்வினின்று தப்பிய பாணன் ஒருவன் ஓர் இல்லத்தில் சோறு உண்கிறான்; பின் தலைவனின் இசைவின்றி வெளியேற இயலவில்லை. பேயின் உருவினும் அவ்விசைவின் மறுப்பே அச்சுறுத்துகிறது. பேராசையின் கதையாகிய ‘தும்பாட்’ 2018இல் வெளிவந்தபோது அரங்குகளில் பெருங்கூட்டம் இல்லை. 2024இல் அப்படமே மீண்டும் திரையிடப்பட்டு முதல் வெளியீட்டினும் மிகுதியாக ஈட்டியது.