இரைச்சலில் பிறந்த இசை

வாத்தியம் செய்கிறவர் ஒருவர், வாசிக்கிறவர் வேறொருவர் என்பதுதான் உலக வழக்கம். இரண்டையும் ஒருவரே செய்யப் புகுந்தால் முதலில் கேட்பது நாதமல்ல, இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்குக் காது கொடுத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

1975-ம் வருஷம் ஜனவரி மாதம் அமெரிக்காவில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ என்னும் பத்திரிகையின் அட்டையில் ஒரு பெட்டியின் படம் வெளியாயிற்று. ‘ஆல்டேர் 8800’ என்று அதற்குப் பெயர். பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டர். எழுத்துப் பலகை கிடையாது; பார்ப்பதற்குத் திரையும் கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. விற்றபடி அதன் ஞாபகத்தில் 256 சிறு எண்கள்தாம் அடங்கும். “இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று வீட்டில் கேட்டால், வாங்கியவர்களில் பலரிடம் பதில் இல்லை.

ஸ்டீவ் டாம்பியர் என்பவரும் ஒன்று வாங்கினார். ஒரு நாள் அது எண்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த ரேடியோ கரகரத்தது. பெட்டிக்குள் ஓடிய மின்துடிப்பு வெளியே கசிந்து ரேடியோவில் விழுந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் ரேடியோவைத் தள்ளி வைத்திருப்பார். இவரோ உற்றுக் கேட்டார். யந்திரம் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேகம் மாறினால் ஓசையின் சுருதியும் மாறிற்று. எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் என்று பொறுமையாகக் கண்டுபிடித்தார்.

அவ்வருஷம் ஏப்ரலில் கலிபோர்னியாவிலுள்ள மென்லோ பார்க்கில் ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ கூடியது. டாம்பியர் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாட்டை உள்ளே ஏற்றினார். மின்சார வயரில் யாரோ கால் இடறவே, அத்தனையும் அழிந்தது. மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். பிறகு ரேடியோவிலிருந்து பீட்டில்ஸ் குழுவினரின் ‘தி ஃபூல் ஆன் தி ஹில்’ எழுந்தது! அடுத்தபடி ‘டெய்ஸி’. 1961-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு ராட்சதக் கம்ப்யூட்டரைப் பாடவைத்த பாட்டு அது. பெரிய ஸ்தாபனத்துக்கு மட்டும் சாத்தியமாயிருந்த வித்தை, 14 வருஷத்தில் ஒரு தனி மனிதரின் மேஜைக்கு வந்துவிட்டது.

இது சங்கீதமா என்று வித்வான்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரேடியோவின் தயவில் வந்த ஒற்றைக் குரலில் இனிமை எங்கே? 1977 செப்டம்பரில் ‘பைட்’ பத்திரிகையில் ஹால் சேம்பர்லின் இதைவிட நல்ல வழியை விளக்கினார். ஒலியலையின் வளைவை எண்களாகப் பட்டியலிட்டு ஞாபகத்தில் வைப்பது. விநாடிக்குப் பல ஆயிரம் தடவை எண்ணை எடுத்து, ஏணிபோல் கட்டிய ரெஸிஸ்டர்கள் வழியே மின்னழுத்தமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது. பட்டியலைத் தாவித் தாவிப் படித்தால் சுருதி ஏறும். வளைவை மாற்றினால் குரல் மாறும். நான்கு குரல்களைச் சேர்த்தும் ஒலிக்கச் செய்யலாம்.

2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ‘ஆர்டுவினோ’ பலகை இந்த வித்தையை இன்னும் எளிதாக்கிற்று. அதில் பிரபலமான ‘ஊனோ’ வகையிலுள்ள சிறு சிப்பின் ஞாபகம் அன்றைய ஆல்டேரைப்போல 8 மடங்கு. துடிப்போ விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம். சில ரெஸிஸ்டர்கள், திருகுவதற்கு இரண்டு மூன்று குமிழ்கள், ஒரு ஒலிபெருக்கி. வாத்தியம் தயார்.

கடையில் இதைவிட நல்ல நாதம் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனாலும் இரவில் கண்விழித்துப் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய வாத்தியம் அபஸ்வரம் பேசினால் செய்தவனைக் குறைகூறி மூலையில் வைத்துவிடலாம். தான் செய்தது பேசினால், ஏன் என்று கேட்டே தீரவேண்டும். டாம்பியர் அந்த ரேடியோவைத் தள்ளி வைக்காததும் அதனால்தான்.