வழக்கு எண் இல்லாத கைதுகள்



காவல் நிலைய வன்முறையின் வரலாற்றைப் பற்றி இந்த நினைவுரையில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதில் நம் மேடைகள் அதிகம் தொடாத ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்: தன்பாலீர்ப்பு கொண்டவர்கள்மீது இந்நாட்டுக் காவல்துறை செலுத்திவந்த அதிகாரம். ‘நமக்கு இருக்கிற பிரச்சினை போதாதா, இது வேறா’ என்று நினைக்கும் தோழர்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான்.

நான் முதுகலை படித்தபோது என் விடுதி நண்பன் ஒருவனை, பேருந்து நிலையத்தை ஒட்டிய பூங்காவில் இரவு இரண்டு காவலர்கள் பிடித்தார்கள். உடன் இருந்தவர் இன்னொரு ஆண். இருவரையும் தனித்தனியாக நிறுத்தி முதலில் கேட்ட கேள்வி, ‘எந்த ஊரு, எந்தத் தெரு?’ பதில் கிடைத்ததும் அந்த இன்னொருவரைத் திட்டி அனுப்பிவிட்டார்கள். என் நண்பன் விடியும்வரை நிலையத்தில் இருந்தான். கைக்கடிகாரம் போயிற்று, உதவித்தொகைப் பணம் போயிற்று. ஊர் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு, ‘வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லட்டுமா’ என்று மாதாமாதம் வந்து நின்றார்கள். எஃப்.ஐ.ஆர். கிடையாது, ரசீது கிடையாது. அந்த ஆண்டே அவன் படிப்பை விட்டான். இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது பல ஆண்டுகள் கழித்து. படிப்பை விட்டபோது ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் காவலர்களின் கையில் இருந்தது 377 என்ற ஒரு எண். 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க இடம்கொடுத்த பிரிவு. அது எப்படி வேலை செய்தது என்பதை 1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கிலேயே பார்க்கலாம். கைராத்தி தன் கிராமத்தில் பெண் உடையில் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவர். போலீஸ் கண்காணித்தது, கைது செய்தது, மருத்துவரிடம் கொண்டுபோய் உடலைச் சோதித்தது. அமர்வு நீதிமன்றம் தண்டித்தது. எந்த நாள், எந்த இடம், யாருடன் என்ற எதுவுமே குற்றச்சாட்டில் இல்லை என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த நீதிபதியே, இத்தகைய பழக்கங்களை ஒடுக்க நினைத்த மொராதாபாத் அதிகாரிகளின் விருப்பத்தைத் தாம் மதிப்பதாகவும் சொல்லிவைத்தார். குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் ஆளைப் பிடித்தது சரிதான்!

இதற்கு 13 ஆண்டுகள் முன்பு வந்ததுதான் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் பகுதியைத்தான் நாம் பேசிவருகிறோம். பழங்குடிகளையும் நாடோடிச் சமூகங்களையும் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கிய பகுதி அது. இரண்டாம் பகுதியை நம்மில் பலர் புரட்டிப் பார்த்ததில்லை. அது ‘அலிகள்’ என்று அரசு வகைப்படுத்தியவர்களுக்கானது. குழந்தைகளைக் கடத்துவதாகவோ 377இன் கீழ் குற்றம் செய்வதாகவோ சந்தேகம் இருந்தாலே போதும், பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏறும். பதிவானவர் பெண் உடையில் தெருவில் தென்பட்டால் பிடியாணை இல்லாமல் கைது, இரண்டாண்டுவரை சிறை. உயில் எழுத முடியாது, தத்தெடுக்க முடியாது. வட இந்திய மாகாணங்களில் தொடங்கிய சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது இரண்டாம் பகுதி நீக்கப்பட்டிருந்தது. ஆனாலும் குறவர் குடியிருப்பையும் ஆண்கள் சந்திக்கும் பூங்காவையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகிய போலீஸின் வேர் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சந்தேக கேஸ், பெட்டி கேஸ் என்ற சொற்களை நம் தெருக்களில் யாரும் அகராதியில் தேடிக் கற்றுக்கொள்ளவில்லையே.

விடுதலைக்குப் பிறகும் பூங்காக்கள் மாறவில்லை. தில்லி கன்னாட் பிளேஸ் பூங்காவில் ஆண்களைப் பிடித்துச் சென்றதைக் கண்டித்து, 1992 ஆகஸ்ட் 11 அன்று எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பினர் காவல்துறைத் தலைமையகத்தின் முன் நின்றார்கள். இந்தியாவில் தன்பாலீர்ப்பாளர்களுக்காக நடந்த முதல் போராட்டமாக அதைத்தான் சொல்கிறார்கள். 2001 ஜூலையில் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் நால்வர் 377இன் கீழ் கைதானார்கள். செய்த குற்றம், ஆணுறையும் விழிப்புணர்வுத் தாள்களும் வைத்திருந்தது. 47 நாட்கள் சிறையில் கிடந்தார்கள். அதே ஆண்டு மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை வெளியிட்ட அறிக்கை பணப்பறிப்பையும், பதிவில்லாக் காவலையும், அடி உதையையும், நிலையத்துக்குள் நடந்த பாலியல் வன்முறையையும் வரிசையாகப் பதிவு செய்தது. ஆங்கிலம் பேசத் தெரியாத ஏழைகள்தான் பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் அதிகம் அகப்பட்டார்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. தனி அறைக்கு வாடகை கொடுக்க முடிந்தவர் பூங்காவுக்கு ஏன் வரப்போகிறார்?

நம் சென்னையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2006இல் வியாசர்பாடியில் திருட்டு வழக்கு என்று பிடிக்கப்பட்ட ஒரு திருநங்கை, காவலர்களின் தொடர்ந்த பாலியல் கொடுமை தாங்காமல் காவல் நிலைய வளாகத்திலேயே தீ வைத்துக்கொண்டு இறந்தார். உடன்பிறந்தவர் தொடுத்த ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அப்போது இங்கே தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷாதான், தில்லி சென்ற பிறகு 2009 ஜூலை 2 அன்று நீதிபதி முரளிதருடன் சேர்ந்து நாஸ் தீர்ப்பை வழங்கி 377இன் பல்லைப் பிடுங்கியவர். லக்னோவும் வியாசர்பாடியும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கின்றன. சமூகத்தின் ஒழுக்கம் அல்ல, அரசியலமைப்பு ஒழுக்கமே அளவுகோல் என்று சொல்ல அந்த நீதிபதிகள் துணைக்கு அழைத்தது 1948இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் ஆற்றிய உரையை.

பாபாசாகேபுக்கு இது தொலைவான விஷயமும் அல்ல. பாலியல் கேள்விகளுக்குப் பதில் எழுதியதற்காக ஆபாச வழக்கில் சிக்கிய ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ ஆசிரியர் ர.தோ. கார்வேக்காக 1934இல் பம்பாயில் வாதாடியவர் அவர். தன்பாலீர்ப்பு பற்றிய கேள்வியும் அந்த வழக்கில் இருந்தது. வழக்கில் தோற்றார். நம் மேடைகள் இதை ஏன் சொல்லாமல் விட்டன என்பது தனி ஆய்வுக்குரியது.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் நாஸ் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. சொன்ன காரணங்களில் ஒன்றை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 150 ஆண்டுகளில் 377இன் கீழ் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 200க்கும் குறைவு என்றது. போலீஸ் துன்புறுத்தல், மிரட்டல் எல்லாம் சட்டத்தின் குற்றமல்ல என்றது. தீர்ப்புத் தொகுதிகளில் அச்சான வழக்குகளைத்தான் எண்ணினார்கள். என் நண்பனின் கைக்கடிகாரம் எந்தத் தொகுதியில் அச்சாகும்? 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பிலும் இதே கணக்குதான். விடுதலையான வழக்குகளை எண்ணி, சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்றார்கள். ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சிலர் உயிர் விட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று 377 மீண்டும் வீழ்ந்தது. அந்த மகிழ்ச்சியில் நம் இயக்கங்களில் எத்தனை பங்குகொண்டன?

பிரிவு போனாலும் நிலையம் அதே இடத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களை, பெற்றோர் கொடுத்த ‘காணவில்லை’ புகாரை வைத்துப் போலீஸ் விசாரித்தது. அவர்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கும் இது குறித்து முன்முடிவுகள் இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டே உத்தரவு பிறப்பித்தார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி சேர்ந்தது. இச்சமூகத்தினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. கீழே ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு: சட்டப்படி செய்யும் விசாரணை துன்புறுத்தல் ஆகாது.

இதைத் தொலைபேசியில் நண்பனிடம் படித்துக் காட்டினேன். ‘விசாரணைன்னு சொல்லித்தான் அன்னைக்கும் கூட்டிட்டுப் போனாங்க’ என்றான்.

விதியின் நகல்களைக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம் பகுதிக் காவல் நிலையங்களில் இதைப் பற்றிக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டிய வேலை இருக்கிறது.