சந்தோஷ் சிவன் (ஒளிப்பதிவாளர்)

சந்தோஷ் சிவன், திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர், இயக்குநர். மலையாளம், தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிப் படங்களில் பணியாற்றியவர். புகைப்படக் கலைஞரும் இயக்குநருமான சிவனின் மகன். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். 'பெருந்தச்சன்', 'காலாபானி', 'இருவர்', 'தில் சே' ஆகியவற்றின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார். 2014இல் பத்மஸ்ரீயும், 2024 கான் விழாவில் ஒளிப்பதிவாளர்களுக்கான பியர் ஆன்ஜனியூ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. உள்ளூரில் கால்வைத்து மெல்ல மெல்ல வெளிநாடு ஏறியவர் என்றே இத்தகைய வாழ்க்கையை எழுதுவது வழக்கம். ஆனால் அவரை உலகம் அறிந்துகொண்டது ஆங்கிலப் படத்தால் அல்ல, சிறு செலவில் எடுத்த 'தி டெரரிஸ்ட்' என்னும் தமிழ்ப் படத்தால்தான் என்பதே சான்றுகள் சொல்லும் செய்தி.

அந்தப் படத்துக்கான பயிற்சி இயக்குநர் மணிரத்னத்தின் படங்களில் கிடைத்தது. 'தளபதி'யில் (1991) சூர்யா என்னும் நாயகனின் முக்கியத் தருணங்களில் சூரியனையே பின்னணியாக நிறுத்தினார். 'ரோஜா'வின் (1992) நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் தென்பாண்டி மண்ணின் பச்சையையும் மலைப்பனியின் வெண்மையையும் எதிரெதிரே வைத்ததால், நாயகி எதை விட்டு எங்கே வந்திருக்கிறாள் என்பது வசனமில்லாமலே விளங்குகிறது. 'இருவர்' (1997) படத்தில் நீண்ட ஷாட்டுகள், இரு நண்பர்களுக்கிடையே வளரும் தூரத்தைப் பார்வையாளரே அளக்கும்படி செய்தன. இவை மூன்றிலும் ஒளி கதையின் பொறுப்பில் பங்கு கொள்கிறது.

இயக்குநரின் பெருமையை ஒளிப்பதிவாளருக்குத் தரலாமா என்று கேட்கலாம். அதற்குப் பதில் 'தி டெரரிஸ்ட்' (1998). ராஜீவ் காந்தி கொலையை நினைவூட்டும் கதை. இயக்கமும் ஒளிப்பதிவும் சந்தோஷ் சிவன். தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகும் மல்லியாக ஆயிஷா தர்கர் நடித்தார். மழைநீர் வழியும் முகம், இமை, மூச்சு என்று கேமரா விலகாமல் நெருங்கியே நிற்கிறது. அரசியல் விளக்கத்தின் இடத்தை அந்த முகம் எடுத்துக்கொள்கிறது. கெய்ரோ விழாவில் பரிசு வென்றது. அங்கே நடுவராக இருந்த நடிகர் ஜான் மால்கோவிச் அமெரிக்காவில் தம் பெயரால் அதை வெளியிடச் செய்தார். வன்முறையை அழகாக்கிவிட்டது என்ற குறை படத்தின்மீது உண்டு, புறக்கணிக்கத் தக்கதுமல்ல. ஆனால் இங்கே அழகு சேர்வது வெடிகுண்டுக்கு அல்ல, அதைச் சுமக்கப்போகும் உயிருக்கு. உயிரின் மதிப்பை உணர்த்தாமல் அதன் இழப்பை உணர்த்த முடியாது.

பிறகே ஆங்கிலப் படங்கள் வந்தன: குரிந்தர் சாதாவின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' (2004), சான் பிரான்சிஸ்கோ பகுதி மசாலாக் கடையில் நிகழும் 'தி மிஸ்ட்ரஸ் ஆஃப் ஸ்பைசஸ்' (2005), அவரே இயக்கிய 'பிஃபோர் த ரெய்ன்ஸ்' (2007). மூன்றும் இந்திய மாந்தரைச் சுற்றியவை. இவரை எப்படிச் சர்வதேச ஒளிப்பதிவாளர் என்பது? கேள்வி நியாயமானதே. வெளிநாட்டு முதலீடு இந்தியக் கதைகளுக்காகவே இவரைத் தேடியது என்பது அந்தத் தொழிலின் வரம்பையும் காட்டுகிறது. ஆயினும் மூன்றாவது படத்தின் கரு ஓர் இஸ்ரேலியப் படத்திலிருந்து வந்தது. அதை 1930களின் கேரள மலைத்தோட்டத்தில் வேரூன்றச் செய்தவர் இவர். 1935இல் அமெரிக்காவிலிருந்து வந்து 'சதி லீலாவதி' முதலான தமிழ்ப் படங்களை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனை எண்ணினால், எல்லை கடப்பது ஒருவழிப் பாதையாக என்றும் இருந்ததில்லை. பார்க்கும் முறையொன்றை மண்ணில் உருவாக்கி, அதைக் கலைக்காமல் வேறு திரையுலகங்களுக்குக் கொண்டுபோனதே சந்தோஷ் சிவனின் சாதனை. ஆங்கிலப் படங்களின் எண்ணிக்கையை வைத்து அதை அளந்தால் 'தி டெரரிஸ்ட்' கணக்கிலேயே வராது.