லோட்ஸித் தெருக் குழந்தைகள் இல்லம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்கக் கைக்குழந்தை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள், வேளாவேளைக்குப் பாலும் சுத்தமான படுக்கையும் கிடைத்தும், எடை ஏறாமலும் பேச்சு வராமலும் வாடிப்போவதை மருத்துவர்கள் கண்டனர். நிறுவனத்தில் நெடுநாள் தங்குவதால் உடலும் மனமும் குன்றும் இந்நிலைக்கு ‘ஹாஸ்பிடலிசம்’ என்று பெயர். உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் 1945இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு இல்லங்களை ஒப்பிட்டது. ஒன்று சிறைச்சாலையைச் சேர்ந்தது. அங்கே தாய்மாரே தம் குழந்தைகளைப் பேணினர், குழந்தைகளும் நன்கு வளர்ந்தன. மற்றதில் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி; கட்டில் கம்பிகளின்மேல் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால் குழந்தைகளின் கண்ணில் பட்டது கூரை மட்டுமே.

இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும், காசநோயுற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குமாக 1946இல் புடாபெஸ்ட் நகரின் லோட்ஸித் தெருவில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பை ஏற்றவர் வியன்னாவில் பயின்ற குழந்தை மருத்துவர் எம்மி பிக்ளர். குழந்தையைப் பிடித்து உட்காரவைக்காமலும் நடத்திப் பழக்காமலும் விட்டால், அது தன் போக்கில் புரண்டு, தவழ்ந்து, எழுந்து நிற்கும் என்பதை அவர் குடும்ப மருத்துவராக இருந்த காலத்திலேயே கண்டறிந்திருந்தார்.

இல்லத்தில் அவர் முதலில் மாற்றியது செவிலியரின் கைகளைத்தான். குளிப்பாட்டல், உடுத்தல், ஊட்டல் ஆகியவை அவசரமாக முடிக்கும் வேலைகளாக இல்லாமல், ஒவ்வொரு குழந்தையும் ஒருவரின் முழுக் கவனத்தையும் பெறும் நேரமாக இருக்க வேண்டும் என்றார். சட்டையைக் காட்டி, “இப்போது கையை நுழைக்கப் போகிறோம்” என்று சொல்லி, குழந்தை தானே கையை நீட்டும்வரை செவிலி காத்திருப்பார். சில மாதக் குழந்தையும் இதற்கு இசைந்து கொடுத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவரென ஒரு செவிலி இருந்ததும், பராமரிப்பின் வரிசை நாள்தோறும் மாறாதிருந்ததும், அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழந்தை அறிந்திருக்க வழிசெய்தன. அந்த நிம்மதியில்தான் மற்ற நேரங்களில் அது தரையில் தனியே விளையாட முடிந்தது.

1971இல் அங்கு வந்த பிரெஞ்சு ஆய்வாளர்களான மிரியம் டாவிடும் ஜெனவியேவ் அப்பெல்லும், தாம் கண்டதை 1973இல் நூலாக எழுதினர். செவிலியரின் அன்பு உண்மையானது, ஆனால் குழந்தை ஒரு நாள் பிரிந்துபோகும் என்பதால் அளவறிந்து காட்டப்பட்டது என அவர்கள் விளக்கினர். எந்த நிறுவனத்தாலும் கடக்க முடியாத அந்த எல்லையே இம்முறையின் வேதனையான பகுதி எனலாம். குழந்தைகள் தங்கி வளரும் இல்லம் 2011இல் மூடப்பட்டது. பெற்றோர் மாலையில் வந்து அழைத்துச் செல்லும் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம் அதே கட்டடத்தில் அதன் பின்னும் நடந்தது.