கல்மேல் எழுதிய வாக்குறுதி

தேர்தல் காலத்து வாக்குறுதியை நீர்மேல் எழுத்து என்று சொல்வது நம் வழக்கம். வோட்டுப் பெட்டிக்கு முத்திரை வைப்பதற்கும் அது மறைவதற்கும் சரியாக இருக்கும். அதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஏமாந்து பழகியவர்கள் நாம். ஆனால் அயர்லாந்தில் 1981-ம் வருஷத் தேர்தலின்போது கொடுத்த ஒரு வாக்குறுதி மட்டும் அப்படி மறையவில்லை. அது கல்மேல் எழுத்தாகிவிட்டது. கொடுப்பதற்குச் சில வாரங்களே பிடித்தன. அழிப்பதற்கோ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தலைவர்கள் அல்ல, பெண்கள்.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நியமான தேசமல்ல. 1916-ல் சென்னையில் அன்னி பெஸன்ட் அம்மையார் தொடங்கிய 'ஹோம் ரூல்' இயக்கத்துக்குப் பெயர் வந்ததே அங்கிருந்துதான். அம்மையாரின் உடலில் ஓடியதும் ஐரிஷ் ரத்தம். கர்ப்பத்தடையைப் பற்றிய சிறு நூல் ஒன்றைப் பதிப்பித்ததற்காக 1877-ல் லண்டனில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அவர். பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டுச் சிறை சென்ற மார்கரெட் கஸின்ஸ் என்ற ஐரிஷ் மாதுதான், 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்றவர். இப்படிப்பட்ட பெண்களை நமக்கு அனுப்பிய தேசம், தன் வீட்டுப் பெண்களை எப்படி நடத்தியது என்பதுதான் நம் கதை.

சுதந்திரம் பெற்ற அயர்லாந்து, 1935-ல் கர்ப்பத்தடைச் சாதனங்களை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் சட்டம் போட்டுத் தடுத்தது. கருக்கலைப்போ, வெள்ளைக்காரன் 1861-ல் போட்ட சட்டப்படியே குற்றமாக இருந்தது. 1973-ல், மறுபடி கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்த ஒரு தாய், நான்கு குழந்தைகளைப் பெற்றவள், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாள். தம்பதிகளின் அந்தரங்கத்தில் சர்க்கார் நுழையக் கூடாது என்று கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டிச் சட்டம் இயற்றப் பார்லிமெண்டுக்கு ஆறு வருஷம் பிடித்தது. 1979-ல் வந்த அந்தச் சட்டமும், வைத்தியரின் சீட்டு இருந்தால்தான் கர்ப்பத்தடைச் சாதனம் கிடைக்கும் என்றது.

இந்தச் சின்ன ஜன்னல் திறந்ததே சிலருக்குக் கவலையாகிவிட்டது. அமெரிக்காவில் 1965-ல் கர்ப்பத்தடைக்கு இடம் கொடுத்த அதே 'அந்தரங்க உரிமை', 1973-ல் கருக்கலைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டது. நம் கோர்ட்டும் அதே படிக்கட்டில் ஏறினால் என்ன செய்வது என்று அவர்கள் அஞ்சினார்கள். அதற்கு ஒரே மருந்து, கோர்ட்டும் தொட முடியாதபடி அரசியல் சட்டத்திலேயே ஒரு வாசகத்தைப் பதித்துவிடுவது. 1981 ஏப்ரலில் இதற்கென ஓர் இயக்கம் தோன்றியது. அவர்களுடைய நம்பிக்கையை நாம் இகழ வேண்டியதில்லை. கருவும் உயிரே என்று மனமார எண்ணியவர்கள் அவர்கள். பெண்களும் அவர்களில் அநேகர். நாம் கேட்க வேண்டியது, அவர்களுக்குத் தலையசைத்தவர்கள் என்ன எண்ணித் தலையசைத்தார்கள் என்பதே.

தேர்தல் ஜூன் 11 அன்று நடந்தது. ஆளும் பியன்னா பெயில் கட்சியின் தலைவர் சார்லஸ் ஹாஹீ. எதிர்த்து நின்ற பைன் கேல் கட்சியின் தலைவர் காரெட் பிட்ஸ்ஜெரால்ட். ஒருவருக்கு மற்றவரைக் கண்டால் ஆகாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவர் வாயிலும் ஒரே வார்த்தை வந்தது: 'அப்படியே திருத்துவோம்.' தேர்தலுக்கு முன்பே இரு கட்சிகளும் ஒப்புக்கொண்டுவிட்டதால், ஜனங்கள் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த நாட்டுத் தேர்தல் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து ஸ்தானங்கள். வோட்டர் தம் விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போடுவார். ஒரே கட்சியின் அபேட்சகர்களே ஒருவரோடொருவர் போட்டியிடுவார்கள். கடைசி ஸ்தானம் சில நூறு வோட்டில் கைமாறிவிடும். ஆகவே ஒவ்வொருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியாக வேண்டும். மாதா கோயில் வாசலில் தம்மைப் பற்றி யாரும் முணுமுணுக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பெரிய தலைவர்களின் தைரியமெல்லாம் கடைசியில் இந்தச் சில நூறு வோட்டில்தான் கரைந்தது.

தைரியத்தோடு நின்றவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் லிமரிக் நகரத்துக் கல்தச்சர் ஜிம் கெம்மி. கட்சிப் பலமின்றிச் சுயேச்சையாக 1981-ல் ஜெயித்தவர். அந்த வருஷம் பிட்ஸ்ஜெரால்ட் அமைத்த சர்க்காருக்குப் பெரும்பான்மை இல்லை. 1982 ஜனவரி பட்ஜெட்டில் குழந்தைகளின் செருப்புக்கும் வரி போட்டார்கள். குழந்தைச் செருப்புக்கு விலக்குக் கொடுத்தால் சிறு பாதமுள்ள பெண்களும் அதை வாங்கி வரியிலிருந்து தப்பிவிடுவார்கள் என்பது சர்க்கார் தரப்பு வாதம்! கெம்மி எதிர்த்து வோட்டுப் போட்டார். 82-க்கு 81 என்ற கணக்கில் சர்க்கார் கவிழ்ந்தது.

பிப்ரவரியில் மறு தேர்தல். ஹாஹீ பதவிக்கு வந்தார். அவருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த வருஷம் நவம்பர் 2 அன்று அவர் சர்க்கார் திருத்தத்தின் வாசகத்தை வெளியிட்டது. இரண்டே நாளில் அந்தச் சர்க்காரும் கவிழ்ந்தது. தேர்தலில் அந்த வாசகமே தமக்கு எதிரான ஆயுதமாகிவிடக் கூடாதென்று பிட்ஸ்ஜெரால்ட் அதை உடனே ஏற்றுக்கொண்டார். கெம்மி ஏற்கவில்லை, திருத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தார். லிமரிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் அமையத் துணை நின்றவர் அவர். நவம்பர் 24 தேர்தலில் அதையெல்லாம் அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். கல்தச்சர் தோற்றார், தலையசைத்தவர் பிரதம மந்திரி ஆனார்.

அந்த வாசகம் ஆங்கிலத்தில் 43 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். பிறவாத சிசுவுக்கு உயிர் வாழும் உரிமை உண்டு, தாய்க்கும் அதற்குச் சமமான உரிமை உண்டு, கூடியவரை அதைச் சட்டத்தால் காப்போம் என்பது அதன் சாரம். வாக்கியங்களோடு மல்லாடுவதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். இரண்டு உயிரில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்ற வேளையில், 'சமம்' என்ற சொல் வைத்தியருக்கு என்ன வழி காட்டும்?

1983 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் பீட்டர் ஸதர்லாண்டு இதையே எடுத்துச் சொன்னார். வாசகம் தெளிவற்றது என்றார். தாயைக் காக்க வேண்டிய சமயத்தில் வைத்தியர் தயங்க நேரலாம். அல்லது எதைத் தடுக்க நினைக்கிறீர்களோ, அதற்கே இது வழி திறக்கலாம் என்றார். பிட்ஸ்ஜெரால்ட் விழித்துக்கொண்டு வேறொரு வாசகத்தைக் கொண்டுவந்தார். அவர் கட்சியினர் சிலரே எதிர்த்தரப்போடு சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள். தாம் வாக்களித்த திருத்தத்துக்கு எதிராக வோட்டுப் போடும்படி அவரே ஜனங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. செப்டம்பர் 7 அன்று நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு 66.9 பேர் திருத்தத்தை ஆதரித்தார்கள்.

ஸதர்லாண்டு சொன்ன இரண்டும் நடந்தன.

1992-ல் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமான பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் பெற்றோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். குற்றவாளியை நிரூபிக்க உதவுமா என்று போலீஸிடம் ஒரு சந்தேகம் கேட்டதுதான் அவர்கள் செய்த பிழை. அவள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று சர்க்கார் தரப்பிலேயே கோர்ட்டில் தடை வாங்கினார்கள். அவள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் உண்டென்று கண்ட சுப்ரீம் கோர்ட், தடையை நீக்கியது. தாயின் உயிருக்கு மெய்யான அபாயம் இருந்தால் கருக்கலைப்பு செல்லும் என்றது. பூட்டுவதற்குச் செய்த சாவியே கதவைத் திறந்துவிட்டது! ஆனாலும் அதை ஒட்டிச் சட்டம் இயற்ற எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. இருபது வருஷம் கழிந்தது. வசதி உள்ளவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். 1980-க்கும் 2018-க்கும் இடையே அப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்து எழுபதினாயிரத்துக்கும் மேல்.

2012 அக்டோபரில் கால்வே நகர ஆஸ்பத்திரிக்கு ஓர் இந்தியப் பெண் வந்தாள். பெயர் சவிதா ஹலப்பனவர், கர்நாடகத்துப் பெலகாவியைச் சேர்ந்தவள், பல் வைத்தியர், வயது 31. பதினேழு வாரக் கரு சிதையத் தொடங்கிவிட்டது. அது பிழைக்காது என்று வைத்தியர்களுக்கும் தெரியும். கருவை அகற்றிவிடும்படி அவள் கேட்டாள். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது, சட்டம் இடம் தராது என்றார்கள். நாள்கள் நகர்ந்தன. ரத்தத்தில் நஞ்சேறி 28-ம் தேதி அவள் இறந்தாள். அவள் பிறந்த நாட்டிலும் அதே வெள்ளைக்காரன் காலத்துத் தடை இருந்தது. 1971-லேயே பார்லிமெண்டு அதைத் தளர்த்திவிட்டது. சவிதா பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே முடிந்துவிட்ட விவகாரம், வேற்று நாட்டில் அவளுக்காகக் காத்திருந்தது.

அதற்குப் பிறகே அயர்லாந்தின் மனச்சாட்சி உறங்க மறுத்தது. அப்போதும் கட்சிகள் நேரே கை வைக்கத் துணியவில்லை. பல தரப்பிலிருந்தும் பொறுக்கி எடுத்த 99 சாதாரணப் பிரஜைகளையும் ஒரு நீதிபதியையும் கொண்ட சபையிடம் 2016-ல் அதை ஒப்படைத்தார்கள். நம் உத்தரமேரூர்க் குடவோலையை நினைவூட்டும் ஏற்பாடு! வோட்டுக்கு அஞ்ச வேண்டாத அந்த மனிதர்கள், மாதக் கணக்கில் வைத்தியர்களையும் வக்கீல்களையும் பெண்களையும் கேட்டறிந்து, இந்த வாசகம் இப்படியே நீடிக்கக் கூடாது என்றார்கள். 2018 மே 25 அன்று வாக்கெடுப்பு நடந்தது. நீக்கச் சொன்னவர்கள் நூற்றுக்கு 66.4 பேர்.

1983-ல் எழுதச் சொன்னது மூன்றில் இரண்டு பங்கு. 2018-ல் அழிக்கச் சொன்னதும் மூன்றில் இரண்டு பங்கு. இடையில் முப்பத்தைந்து வருஷம். கெம்மி 1987-ல் மறுபடி ஜெயித்தார், பிறகு லிமரிக் மேயராகவும் இருந்தார், 1997-ல் காலமானார். அந்த வாசகம் நீங்கியதைப் பார்க்க அவர் இல்லை. கல்லில் ஒருமுறை உளி பட்டுவிட்டால் அதைத் துடைத்து எடுக்க முடியாது என்பது, அந்த ஊரில் இருந்த எல்லா அரசியல்வாதிகளையும்விடக் கல்தச்சருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.