தோணி தள்ளுற நேரம்

மட்டக்களப்பு வாவியின் வரலாறு என்று தேடினால் மூன்று விசயம் உடனே கிடைக்கும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, கல்லடிப் பாலம், பாலத்தடியில் பாடுகிற மீன். பிடித்து விற்கிற மீனுக்கு அதில் பெரிசா இடமில்லை. அதனால நாங்கள் வேறொரு கேள்வி கேட்டுப் பார்ப்பம்: இந்த வாவியில் எப்ப தோணி தள்ளுறது என்பதை யார் தீர்மானித்தது?

பங்குடாவெளி தொட்டு கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான தண்ணி இது. ஆழம் குறைவு. ஆனாலும் அகலமான இடத்தில் கச்சான் காற்று எழும்பினால் சின்னத் தோணிக்கு அது கடல்தான். அதனால் காற்றைப் பார்க்க வேண்டும். நிலவையும் பார்க்க வேண்டும், வெளிச்ச இரவில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பதால். பொழுதுபட வலை விரித்து, வெள்ளாப்பில் எடுத்து, சந்தை கூட முதல் கரை சேர வேண்டும். இதுதான் தொழிலின் கணக்கு.

இந்தக் கணக்கில் முகத்துவாரமும் சேரும். கோடையில் மணல் மூடி அதை அடைக்கும், மாரி வெள்ளத்தில் அது திறக்கும், இல்லாவிட்டால் வெட்டித் திறப்பார்கள். கடலில் பொரித்த இறால் குஞ்சு அந்த வாயால் உள்ளே வந்து வளர்ந்து, முட்டையிடத் திரும்பிப் போகும். வயல்காரருக்கோ வெள்ளாமை தாழ முதல் தண்ணி வடிய வேண்டும். எப்ப வெட்டுறது என்பதில் வயலும் வலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் அது பேசித் தீர்க்கக்கூடிய பிணக்கு.

யுத்தத்தில் பேச இடமில்லாமல் போனது. 1990களில் எழுவான்கரையின் நகரப்பகுதி இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். நடுவில் வாவி. மீன் தேடிப் போகும் தோணி, ஆள் கடத்தும் தோணியாகச் சந்தேகிக்கப்பட்டது. ஊரடங்கும் இரவுத் தடையும் வந்தபோது மேலே சொன்ன கணக்கு முழுவதும் உடைந்தது. காற்று சரி, இருட்டு சரி, மீனும் இருக்கு, ஆனால் போக ஏலாது. விடிந்து அனுமதி கிடைத்து வலையை எடுக்கும்போது செத்த மீனை நண்டு தின்றிருக்கும், சந்தையும் கலைந்திருக்கும். பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கரையோரக் கண்ணாக்காடுகளும் வெட்டப்பட்டன. மீன் குஞ்சு ஒதுங்குகிற இடம் அதுதான்.

யுத்த இழப்பை நாங்கள் எண்ணும்போது கொல்லப்பட்டவர்களை எண்ணுகிறோம், எரிந்த வீடுகளை எண்ணுகிறோம். போக விடாத இரவுகளை யாரும் எண்ணவில்லை. ஒரு இரவு போனால் ஒரு நாள் அடுப்பு எரியாது. வருசக்கணக்கில் போனால், தகப்பனோடு தோணியில் இருந்து காற்றுப் பார்க்கப் பழக வேண்டிய பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடும்.

2007இல் படுவான்கரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2014இல் மண்முனைத்துறைக்குப் பாலம் வந்து, பாதைப் படகுக்காகக் காத்திருந்த காலம் முடிந்தது. இப்போது இரவில் தோணி போகிறது. ஆனால் கண்ணா இல்லாத கரை, ஆற்றுவாழை அடைத்த ஓடை, தடைசெய்த தங்கூசி வலை என்று கணக்கு வேறு மாதிரிக் குழம்பிக் கிடக்கிறது. வாவியை என்ன செய்வது என்று கூட்டம் கூடுகிறவர்கள் சுற்றுலாப் படகுக்கு நேரம் குறிக்க முதல், காற்றுப் பார்க்கத் தெரிந்த முதியவர்களிடம் ஒருக்கா கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை எழுதி வைக்கிற வேலை எங்கள் தலைமுறையுடையது.